ரிபன் கட்டிய வால்வ்

நிஷ்மியாவுக்கு முன்னால் இருந்த கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். இரண்டாயிரம் லீற்றர் கொள்ளும் நீல நிறத் தண்ணீர்த் தாங்கி ஒன்று பத்தடி உயர இரும்புக் கால்களின் மேல் நிற்கிறது. அது நிறைந்திருக்கிறது. பதினெட்டு அடி தள்ளிப் பெண்பிள்ளைகளின் கழிவறை இருக்கிறது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தாங்கியிலிருந்து கழிவறைக்கு ஒரு பைப் போகிறது. பைப்பின் நடுவில் ஒரு வால்வ். அந்த வால்வைத் திறக்காமல் கழிவறைக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். எப்படி?

ஒன்பது வருடமாக விஞ்ஞானம் படித்துக்கொடுக்கிறவள் நிஷ்மியா. நீர் மேலிருந்து கீழே பாயும், வழி கொடுத்தால் போதும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிறவள். ஆனால் இந்தத் தாங்கிக்கு எதிரே நாற்பது நாளாகச் சும்மா நிற்கிறாள்.

ஏணி வைத்து ஏறி, தாங்கியின் மூடியைத் திறந்து, ரப்பர் குழாயை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சி இழுத்தால் தண்ணீர் தானாக வரும். அதையும் கேட்டுப் பார்த்தாள். வால்வின் சாவியை வைத்திருக்கும் ரிஸ்வி தலையாட்டி மறுத்துவிட்டான்.

"மூடியத் தொறந்தாலும் தொறந்ததுதானே டீச்சர். நானா கேட்டா நான் என்னா சொல்ல?"

ரிஸ்வியும் நிஷ்மியாவும் இதே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது அவனுக்குப் பல்லேபொல சந்தியில் ஹார்ட்வெயார் கடை. சின்ன வயதில் "நீ, நான்" என்று பேசியவன், அவள் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்த நாளிலிருந்து "டீச்சர்" என்கிறான். வால்வில் சிவப்பு ரிபனைப் பூப்போல முடிச்சுப் போட்டுக் கட்டி, கைப்பிடியில் பெட்டிப்பூட்டு ஒன்றைக் கொளுவியதும் அவன்தான். கட்டச் சொன்னது பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் தாங்கியைக் கட்டிக்கொடுத்த ஜவாஹிர்; கத்தாரில் இருக்கும் அவனுடைய மூத்த சகோதரர், அவன் சொல்லும் 'நானா'.

இதில் ஜவாஹிரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் யார் எதைக் கட்டிக்கொடுத்தாலும் அப்படித்தான். கட்டடம் என்றாலும் பஸ் தரிப்பிடம் என்றாலும், பெயர் வெட்டிய கல் ஒன்றைப் பதித்து, அதற்குத் திரை போட்டு, பெரிய மனிதர் ஒருவர் கயிற்றை இழுத்துத் திரையை விலக்கிய பிறகுதான் அது திறந்ததாகக் கணக்கு. அதற்கு முன்னால் பாவிப்பது கல்யாணத்துக்கு முன்னால் சாப்பாட்டில் கை வைப்பது போல. கல் வந்தால் திகதி வைக்கலாம். திகதி வைத்தால் அழைப்பு அடிக்கலாம். அழைப்பு போனால் ரிபன் வெட்டலாம். ரிபன் வெட்டினால் தண்ணீர் வரும்.

கல்லும் வந்ததுதான். மாத்தளை டவுனில் வெட்டி, சாக்கில் சுற்றி, த்ரீவீலின் பின் ஸீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கறுப்புக் கல், பொன் நிற எழுத்து. மேலே சிங்களம், அடுத்தது தமிழ், கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே 'மர்ஹூமா ஸுலைஹா உம்மா அவர்களின் நினைவாக' என்று ஜவாஹிரின் காலஞ்சென்ற தாயின் பெயர் தாங்கிய வரி. பள்ளிக்கூட அதிபரின் அறையில் சாக்கைப் பிரித்தபோது எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். சங்கத் தலைவர் லாபிர் சேர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, ஆங்கில வரியில் விரலை வைத்தார்.

"யார் இந்த ஒத்த ஆள்?" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"பாஸ்ட் பியூப்பில்ஸ் அசோசியேஷன்னு வெட்டியிருக்கு. குறி எஸ்ஸுக்கு முன்னால கெடக்கு. அப்ப இது ஒரே ஒரு பழைய மாணவர்ட சங்கம். யார் அந்த ஆள்னு கேக்குறேன்."

ஆங்கிலத்தில் ஒன்று இன்னாருக்கு உரியது என்று காட்ட, பெயரின் கடைசியில் எஸ் என்ற எழுத்தைப் போட்டு, அதன் தலைக்குப் பக்கத்தில் கால்புள்ளி போன்ற ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அபொஸ்ட்ரபி என்று அதற்குப் பெயர். உரியவர் ஒருவர் என்றால் குறி எஸ்ஸுக்கு முன்னால் வரும். பலர் என்றால் பின்னால் வரும். கல்லில் அது ஒரு மிளகளவுதான். கல் வெட்டியவர் ஜவாஹிர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே வெட்டியிருக்கிறார். கல்லில் ஒருமுறை வெட்டினால் அழிக்க முடியாது, அடைத்தால் தழும்பு தெரியும் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் கல் அதிபரின் அலுமாரிக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. புதுக் கல் வெட்டுவது என்று முடிவானது. அதில் குறி எங்கே வருவது என்பதில்தான் நாற்பது நாள்.

லாபிர் சேர் இதே பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் படித்துக்கொடுத்தவர். குறி எஸ்ஸுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. ஜவாஹிர் தான் அனுப்பியது பிழை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் புதுக் கல்லில் குறியே வேண்டாம் என்றார். இப்போது பெரிய நிறுவனங்கள் பல தங்கள் பெயரில் குறி போடுவதில்லை என்று இருபது பெயர்ப்பலகைகளின் படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதுவும் பொய்யில்லை. லாபிர் சேர் பதிலுக்குப் பழைய இலக்கணப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டார். படத்தில் அவருடைய பெருவிரலும் விழுந்திருந்தது. பெருவிரலைப் பார்த்து ஒருவர் சிரிக்கும் முகம் போட, அவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டுமா என்று அதற்கு ஒரு விவாதம் இரண்டு நாள் ஓடியது.

நிஷ்மியாவும் பழைய மாணவிதான். குழுவில் இருந்தாள். ஒரு நாள் துணிந்து எழுதினாள்: 'கல் வரும்வரைக்கும் தண்ணீரைத் திறந்துவிட முடியாதா? பெண்பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள்.' அதன் கீழே பதினாறு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பதினேழாவது ஆள், அவள் ஆங்கிலத்தில் எழுதாததால் குறிக்கு வேலை வராததைக் கவனித்து, 'டீச்சர் தப்பிச்சிட்டாங்க' என்று எழுதினார். பிறகு குறிக்கே திரும்பிவிட்டார்கள்.

கஷ்டம் என்று அவள் எழுதியது இதைத்தான். பள்ளிக்கூடத்தின் பழைய கிணறு அந்த வருட வெயிலில் அடிமண் தெரிய வற்றிவிட்டது. பிரதேச சபை பௌசர் லொறியில் கொண்டுவந்து ஊற்றும் தண்ணீர் குடிக்க மட்டும் காணும். ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் பின்னால் பற்றைக்காடு இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இல்லை. பத்தரை மணி இடைவேளைக்கு மணி அடித்ததும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். போனவர்கள் திரும்பி வருவதில்லை.

பதினோராம் வகுப்பில் அந்த வருடம் பெண்பிள்ளைகள் மட்டும்தான், பதினேழு பேர். அரசாங்கத்தின் சாதாரணதரப் பரீட்சைக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது. விஞ்ஞானப் பாடம் இடைவேளைக்குப் பிறகு. நிஷ்மியா ஐந்து பேருக்கு மின்சுற்றுப் படித்துக்கொடுத்தாள். மற்றப் பன்னிரண்டு பேர் உட்காரும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

"ஏன் திரும்பி வாறதில்ல?" என்று றிஸ்லாவை ஒரு காலையில் பிடித்து நிறுத்திக் கேட்டாள். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை அது.

"வீட்ட போனா உம்மா திரும்ப அனுப்புறாங்க இல்ல டீச்சர். இந்த வெயில்ல ரெண்டு தரம் நடக்க வாணாம்னு சொல்றாங்க. அதோட..." பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. "சில நாளைக்குக் காலையிலயே வரமாட்டோம்தானே."

மாதத்தில் எந்த நாட்கள் என்று கேட்காமல் நிஷ்மியா பிள்ளையை வகுப்புக்கு அனுப்பினாள்.

அதிபர் நிஸ்தாரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். கதிரையைக் காட்டி, தேத்தண்ணி கொடுத்து, முழுவதையும் கேட்டார். "டீச்சர், நான் ஸ்கூலுக்குத்தான் அதிபர். தாங்கி இன்னும் ஸ்கூலுட இல்ல. கையளிக்கல்லியே. கையளிக்க முந்தி நான் தொட்டா, நாளைக்கு ஒரு பிழை வந்தா யார்ட தலையில விழும்?" அதுவும் சரிதான். எல்லாரும் சொல்வது சரியாக இருப்பதுதான் அவளுக்குத் தொல்லையாக இருந்தது. ஒருவராவது அநியாயமாகப் பேசினால் சண்டையாவது போடலாம்.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். பதினோராம் வகுப்பறையில் நடந்தது. ஜவாஹிர் கத்தாரிலிருந்து போனில் இருந்தார். ரிஸ்வி போனை ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் டஸ்டருக்குச் சாத்தி நிறுத்தினான்.

"ஜவாஹிர், எட்டாம் வகுப்புலயும் நீங்க இதே பிழைதான் விட்டீங்க," என்று லாபிர் சேர் தொடங்கினார். கோபம் வந்தால்தான் அவர் பழைய மாணவரை 'நீங்க' என்பார்.

"சேர், நான் இப்ப எட்டாம் வகுப்பில்ல. முந்நூறு அறை உள்ள ஹோட்டலுக்கு ரிசெப்ஷன் மேனேஜர்."

"முந்நூறு அறைக்கும் சாவி குடுக்குறீங்க. சந்தோஷம். சாவிக்கும் இலக்கணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"உலகமே அந்தக் குறிய விட்டிடுச்சு சேர்!"

"உலகம் சுபஹ் தொழுகையையும்தான் விட்டிடுச்சு. நாங்களும் விடுவமா?"

வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. போனில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

அதிபர் கையை உயர்த்தினார். "நான் ஒன்னு சொல்றேன். சிங்களமும் தமிழும் இருக்குதானே. இங்கிலீஷ எடுத்துட்டா பிரச்சினையே இல்ல."

லாபிர் சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "முப்பத்திரண்டு வருஷம் நான் இங்கிலீஷ் படிச்சுக்குடுத்த இடத்துல இங்கிலீஷ் இல்லாத கல்லா?"

"இங்க என்னோட வேலை செய்றவங்களுக்கு உம்மாட கல்ல நான் எப்பிடிக் காட்டுறது?" என்றது போன்.

நாற்பது நாளில் அவர்கள் இருவரும் ஒன்றுபட்டது அந்த ஒரு நிமிடம்தான். ஒன்றுபட்டு அதிபரை அடக்கினார்கள். அடக்கி முடிந்ததும் பிரிந்துகொண்டார்கள். அடுத்த கூட்டம் இரண்டு வாரம் கழித்து என்று முடிவாகியது.

அன்று பின்னேரம் நிஷ்மியா லாபிர் சேரின் வீட்டுக்குப் போனாள். சேர் அவளுக்கும் ஆங்கிலம் படித்துக்கொடுத்தவர். முற்றத்தில் காயப்போட்ட மிளகைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். அவள் வந்த காரியம் தெரிந்தும், முதலில் அவளுக்கு விளங்கவைக்கத்தான் ஆசைப்பட்டார்.

"மகள், நாங்க பேசக்கொள்ள 'உம்மாட சேலை', 'வாப்பாட குடை'ன்னு சொல்றோமே, அந்த 'ட'தான் இங்கிலீஷ்ல அந்தக் குறி. இப்ப 'புள்ளைட புத்தகம்'னா ஒரு புள்ளை. 'புள்ளைகள்ட புத்தகம்'னா நெறய. எங்கட வாயில இது பிழைக்காது. நாலு வயசுப் புள்ளையும் சரியாச் சொல்லும். எழுத்துல மட்டும் ஏன் பிழைக்கணும்?"

நிஷ்மியாவுக்கு அந்த விளக்கம் பிடித்தது. பத்தாம் வகுப்பில் இருந்தபோது இப்படிச் சொல்லியிருந்தால் தனக்கும் ஆங்கிலத்தில் ஏ கிடைத்திருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"சேர் சொல்றது சரி. ஆனா புள்ளைகள் இடைவேளையோட வீட்ட போறாங்க."

"தெரியும் மகள்." சேர் மிளகிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஜவாஹிர்ட உம்மா இந்த ஸ்கூலுக்கு என்ன செஞ்சாங்கன்னு உனக்குத் தெரியாது. நீ வர முந்தின காலம். ஸ்கூலுக்குக் கிணறு வெட்ட முந்தி, ஓடையில இருந்து குடத்துல தண்ணி கொண்டுவந்து எங்கட டீச்சர்மார் அறையில வச்சது அந்த மனுஷிதான். ஒவ்வொரு நாளும் ரெண்டு குடம். எழுத வாசிக்கத் தெரியாது. 'என்ட மகனுக்கு இங்கிலீஷ் மட்டும் பிழையில்லாம வரணும் சேர்'னு சொல்லிட்டுப் போவாங்க. அந்தப் பேருக்கு மேல பிழையான வரி ஒன்னு வர நான் விடுவனா?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

ஜவாஹிரிடமும் போனில் பேசினாள். கத்தாரில் அவர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார்.

"டீச்சர், சதகத்துல் ஜாரியாவா நெனச்சுத்தான் செஞ்சேன். தண்ணி ஓட ஓட உம்மாவுக்கு நன்மை போகணும்."

"இன்னும் ஓடல்லியே. நாற்பது நாளா உம்மாவுக்குப் போகாம நிக்குது."

ஜவாஹிர் மெதுவாகச் சொன்னார். "முதல் தண்ணி உம்மாட பேரச் சொல்லி, துஆ ஓதி வரணும். அது நான் மனசுல வச்ச நிய்யத். சும்மா ஒரு நாளைக்கு யாரோ வால்வத் திருப்பி வரக் கூடாது. அதோட கல்லுல அந்தக் குறி எங்க இருந்தாலும் ஊர்ல ஒருத்தர் பார்த்துச் சிரிப்பாங்க. எட்டாம் வகுப்புல சேர் என்ட கட்டுரைய வாசிச்சுக் காட்டினப்ப முழு வகுப்பும் சிரிச்சுது. நான் வீட்ட போய் அழ, உம்மாவும் ஏன்னு தெரியாமலே கூட அழுதாங்க. குறியே இல்லாட்டி சிரிக்க ஒன்னும் இல்லதானே டீச்சர்?"

அந்த மனுஷிக்காகவே ஒருவர் குறி வேண்டும் என்கிறார். அதே மனுஷிக்காகவே மற்றவர் வேண்டாம் என்கிறார். நடுவில் பதினேழு பிள்ளைகள். நிஷ்மியா போனை வைத்துவிட்டு, அடுத்த நாளின் பாடத்துக்கு ஐந்து பேருக்குக் காணுமான அளவு மின்குமிழ்களை எண்ணி எடுத்து வைத்தாள்.

புதுக் குழாய்க் கிணற்றிலிருந்து தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பொருத்திப் பூட்டிய கம்பனியிலிருந்து கணபதி என்ற மெக்கானிக் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். பூட்டி ஆறு வாரத்தில் வந்து பார்ப்பது கம்பனியின் வழக்கம். மாத்தளைக்குக் கிட்ட ஒரு தோட்டத்து மனிதர். மெல்லிய உடம்பு, சட்டைப்பையில் டெஸ்டர். ரிஸ்வியும் கடையை விட்டுவிட்டு வந்திருந்தான். கணபதி மோட்டார்ப் பெட்டியைத் திறந்து, ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்து, இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார்.

"என்னாங்க இது? பூட்டுன அன்னிக்கு ஓட்டுனதோட சரியா?"

"தாங்கி நிறைஞ்சிட்டுது. தண்ணி பாவிக்கல்ல," என்றான் ரிஸ்வி.

"ஏன் பாவிக்கல?"

ரிஸ்வி நிஷ்மியாவைப் பார்த்தான். நிஷ்மியா வானத்தைப் பார்த்தாள். "கல் ஒன்னு வரணும்," என்றாள் கடைசியில்.

"கல்லு வரட்டுங்க. மோட்டரு அதுக்குக் காத்துக்கிட்டு இருக்காதுங்க." கணபதி தரையில் குந்தி, விரலால் மண்ணில் வட்டம் போட்டார். "இது குழாய்க் கிணத்துக்கு உள்ளாற தண்ணியிலயே கெடக்குற மோட்டரு. அடியில சின்னக் காத்தாடி மாதிரி ஒன்னு சுத்தி, தண்ணிய மேல தள்ளும். இந்தப் பக்கத்துத் தண்ணியில இரும்புச் சத்து கூட. சுத்தாம கெடந்தா அதுல துரு படிஞ்சு அப்படியே இறுகிக்கும். பொறவு கரண்ட் குடுத்தீங்கன்னா சுத்த ஏலாம எரிஞ்சி போயிரும். தெனம் கால் மணித்தியாலமாவது ஓட்டணும். ஓட்டாட்டி கம்பனி கியாரண்டி குடுக்காதுங்க. நான் கார்ட்லயே எழுதிட்டுப் போறேன்."

"நெறஞ்ச தாங்கிக்கு எப்பிடி ஓட்டுறது?" என்று ரிஸ்வி கேட்டான்.

நல்ல கேள்வி. தாங்கிக்குள் வயரில் தொங்கும் பந்து போன்ற மிதவை ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஏற ஏற அது மிதந்து சரியும். சரிந்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். ஆகவே தாங்கி நிறைந்திருக்கும்வரை மோட்டார் தானாக ஓடாது. ஆனால் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. அதை ஒரு பக்கம் திருப்பினால் மிதவை சொல்வதை மோட்டார் கேட்கும். மறுபக்கம் திருப்பினால் மிதவையைக் கேட்காமல் கையால் நிறுத்தும்வரை ஓடும்.

கணபதி மறுபக்கம் திருப்பினார். தரைக்குக் கீழே எங்கோ உறுமல் தொடங்கியது. அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாங்கியின் பின்பக்கம், இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்த இன்னொரு பைப்பின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

அந்தப் பைப்பை நிஷ்மியா நாற்பது நாளும் பார்த்திருக்கிறாள். பார்த்தும் கணக்கில் எடுக்கவில்லை. தாங்கியின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே அது தொடங்குகிறது. மிதவை பழுதாகித் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால், மூடியைத் தள்ளிக்கொண்டு நாலாபக்கமும் வழியாமல் ஒழுங்காக வெளியே போக அது ஒரு வழி. அதற்கு வால்வ் கிடையாது. வைக்கவும் கூடாது. யாராவது மூடிவைக்கக்கூடிய வழி என்றால், ஆபத்துக்கு அது உதவாது.

தண்ணீர் செம்மண்ணில் விழுந்து குழி பறித்தது. குழியிலிருந்து வாய்க்காலாகி, கழிவறைச் சுவரின் ஓரமாக ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் போனது. ரிஸ்வி போனை எடுத்து, ரிபனும் பூட்டும் அப்படியே இருப்பதைப் படம் பிடித்தான். கணபதி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிமிசத்துக்கு இருவது லீற்றர் வருதுங்க. நல்ல மோட்டரு," என்றார்.

பதினைந்து நிமிடம். முந்நூறு லீற்றர். நிஷ்மியாவின் வாய் தானாக எண்ணிக்கொண்டது. தண்ணீர் போகும் வழியை அவளுடைய கண் பின்தொடர்ந்தது. கழிவறைச் சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது. அந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்கள் வெறுமையாக நிற்கின்றன. கிணறு இருந்த காலத்தில் பிள்ளைகள் வாளியால் கொண்டுவந்து நிறைத்த பீப்பாய்கள். இனி ஒவ்வொரு நாளும் இதையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

"ரிஸ்வி," என்றாள். "இந்தத் தண்ணி எங்க போகுது?"

"மண்ணுக்குத்தான் டீச்சர். வேற எங்க?"

"மண்ணுக்குப் போக முந்தி பீப்பாய்க்குப் போனா உங்கட நானா கோவிப்பாரா?"

ரிஸ்வி வால்வின் பக்கம் போய் ரிபனைத் தொட்டுப் பார்த்தான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். திரும்பி வந்து கொட்டும் பைப்பைப் பார்த்தான்.

"நான் ஒன்னும் தொறக்கல்லியே," என்றான், யாருக்கோ சாட்சி சொல்வது போல.

"தொறக்கல்ல."

"மூடியும் தொறக்கல்ல."

"இல்ல."

"கம்பனி ஓட்டச் சொல்லித்தானே ஓட்டுறோம்?"

"கார்ட்லயே எழுதிட்டேங்க," என்றார் கணபதி. அவருக்கு முழுக்கதையும் தெரியாது. ஆனால் தன்னால் ஏதோ ஆகப்போகிறது என்று மட்டும் தெரிந்து, கார்டை நீட்டிக் காட்டினார்.

கணபதி மோட்டாரை நிறுத்தினார். ரிஸ்வி த்ரீவீலில் கடைக்குப் போய், முப்பது அடி ஹோஸோடும் இரண்டு கிளிப்போடும் திரும்பி வந்தான். கணபதி ஹோஸை வழியும் பைப்பின் வாயில் மாட்டி, கிளிப்பை இறுக்கினார். மறுமுனையை ரிஸ்வி கழிவறை ஜன்னலால் உள்ளே விட்டு முதல் பீப்பாய்க்குள் இறக்கினான். கணபதி சுவிட்சில் கை வைத்தபோது நிஷ்மியா தடுத்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணே. ரிஸ்வி, முதல் தண்ணி உம்மாட பேரச் சொல்லி வரணும்னுதான் நானா சொன்னாரு. அந்த உம்மா உங்கடயும் உம்மாதானே."

ரிஸ்வி அப்போதுதான் அதை நினைத்தவன் போல நின்றான். சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். கையை ஏந்தி, உம்மாவின் பெயரையும் உம்மாவின் வாப்பாவின் பெயரையும் சொல்லி, பாதிஹா ஓதினான். கணபதி செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிய பிறகு சுவிட்ச் திரும்பியது. ஹோஸ் துடித்து நிமிர்ந்தது. வெறும் பீப்பாயில் தண்ணீர் விழும் சத்தம் கழிவறைக்குள்ளிருந்து பெரிதாகக் கேட்டது.

ரிஸ்வி நானாவுக்குப் போன் எடுத்தான். ஒளித்துச் செய்ய அவனுக்குத் தெரியாது.

"வால்வத் தொறந்திட்டீங்களா?" என்று ஸ்பீக்கரில் ஜவாஹிரின் குரல் கடுமையாக வந்தது.

"இல்ல நானா. ரிபன் அப்படியே இருக்கு. மோட்டர தெனம் ஓட்டணுமாம். ஓட்டினா தண்ணி வழியுது. வழியுற தண்ணி."

"வழிஞ்சு எங்க போகுது?"

"பொம்புளப் புள்ளைகள்ட பீப்பாய்க்கு."

ஜவாஹிரின் குரல் தணிந்தது.

"உம்மாட பேர சொன்னியா?"

"பாதிஹா ஓதினேன் நானா."

"சரி. வச்சிடாதே. போன அந்தத் தண்ணிக்குக் கிட்ட கொண்டு போ."

ரிஸ்வி ஜன்னலுக்குள் கையை நீட்டிப் பிடித்தான். முதல் பீப்பாய் நிறையும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். நிறைந்ததும் ஜவாஹிர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "லாபிர் சேர்ட்ட சொல்லு. கல்லு விஷயத்துல நான் விடமாட்டேன்."

லாபிர் சேரிடம் நிஷ்மியாதான் போய்ச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுக்குக் கல்லு தேவையில்லதானே?" என்று கேட்டார். தேவையில்லை என்றாள். "அப்ப எனக்குச் சொல்ல ஒன்னும் இல்ல மகள். ஆனா கல்லுல குறி பின்னாலதான்."

வெள்ளிக்கிழமை இடைவேளைக்குப் பிறகு பதினோராம் வகுப்பில் பதினான்கு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். றிஸ்லா முன் வாங்கில் இருந்தாள். மின்குமிழ்கள் போதாமல் போய், இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து சுற்றைப் பூட்டினார்கள். சங்கத்தின் குழுவில் அன்று மட்டும் குறியைப் பற்றி அறுபத்தொரு செய்தி வந்தது. நிஷ்மியா அதைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பொலித்தீன் உறைக்குள் போட்டு, மோட்டார்ப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்:

காலை ஏழேகாலுக்கு சுவிட்சைக் கையால் ஓட்டும் பக்கம் திருப்பவும். தண்ணீர் மேலே வழிந்து ஹோஸ் வழியாகப் பீப்பாய்க்கு வரும். ஏழரை நிமிடத்தில் முதல் பீப்பாய் நிறையும். ஹோஸை இரண்டாவது பீப்பாய்க்கு மாற்றவும். ஏழரை மணிக்கு நிறுத்தவும். மொத்தம் முந்நூறு லீற்றர். பெண்பிள்ளைகள் அறுபத்து நான்கு பேர். ஆளுக்கு நாலரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். வால்வைத் தொட வேண்டியதில்லை.